இரண்டு எலெக்டிவ் பேப்பருக்கா இத்தனை கவலை?

கேள்வி:

நான் ஒரு தனியார் கல்லூரியில் பி.பார்ம் ஏழாம் செமஸ்டர் படிக்கிறேன். பிளஸ் டூவில் கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். எட்டாம் செமஸ்டருக்கு எலெக்டிவ் இரண்டைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். "மார்க்கெட்டிங் எடு, கதை எழுதினாலே பாஸ்" என்கிறார்கள் சீனியர் அக்காக்கள். தோழிகள் கூட்டமாக பார்மகோவிஜிலன்ஸ் பக்கம் போகிறார்கள். எனக்கு கம்ப்யூட்டர் எய்டட் டிரக் டிசைன் மேல் ஆசை. ஆனால் போதுமான பேர் சேர்ந்தால்தான் அந்த வகுப்பு நடக்குமாம். அப்பா ஊரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். "புரோட்டீன் பவுடர், விட்டமின் மாத்திரைதான் இப்ப நல்லா ஓடுது, அதைப் பத்தின பேப்பர் இருந்தா எடும்மா" என்கிறார். எதை எடுத்தால் வேலை கிடைக்கும்? தவறாக எடுத்துவிட்டால் எம்.பார்ம் சேருவது பாதிக்குமா? இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆறாம் செமஸ்டரில் பயோபார்மசூட்டிக்ஸ் ஒரு அரியர் நிற்கிறது.

— வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

கணக்கிலிருந்து தொடங்குவோம் அம்மா, கணித குரூப் படித்தவர் நீங்கள். இந்தியப் பார்மசி கவுன்சில் வகுத்த பாடத்திட்டப்படி பி.பார்ம் பட்டம் வாங்கக் குறைந்தது 208 கிரெடிட் வேண்டும். எலெக்டிவ் ஒன்றுக்கு 4, இரண்டுக்கும் சேர்த்து 8. நூற்றுக்கு நான்குகூட வரவில்லை. மீதி எல்லாம் எல்லோருக்கும் பொதுவான கோர் பாடங்களும் பிராக்டிகலும் புராஜெக்டும்தான். இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் பிராக்டீஸ் ஸ்கூலுக்கு 6 கிரெடிட், அடுத்த செமஸ்டர் புராஜெக்டுக்கு 6. இரண்டும் சேர்ந்தால் 12. எலெக்டிவை விட இவற்றுக்கு எடை அதிகம். பிராக்டீஸ் ஸ்கூலில் எந்தப் பிரிவு, புராஜெக்டில் என்ன தலைப்பு என்று எனக்கு ஒருவரும் எழுதிக் கேட்பதில்லை. எலெக்டிவ் பற்றித்தான் கடிதம் வருகிறது.

எம்.பார்ம் பயத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். எம்.பார்ம் சேர்க்கைக்கான ஜிபேட் தேர்வில் 125 கேள்விகள். அவற்றில் பெரும்பகுதி பார்மசூட்டிக்ஸ், பார்மசூட்டிகல் கெமிஸ்ட்ரி, பார்மகாலஜி, பார்மகோக்னசி என்ற பழைய நான்கு தூண்களிலிருந்தே வரும். நீங்கள் மார்க்கெட்டிங் எலெக்டிவ் எழுதிவிட்டு எம்.பார்ம் பார்மகாலஜியில் சேரலாம். காஸ்மெடிக் சயின்ஸ் எழுதிவிட்டு பார்மசூட்டிகல் அனாலிசிஸில் சேரலாம். தடுக்கும் விதி எதுவும் இல்லை. அரசு மருந்து ஆய்வாளர் பணிக்கும் 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் கேட்பது பட்டத்தைத்தான், எலெக்டிவை அல்ல. ஆகவே தவறான எலெக்டிவால் வாழ்க்கை வீணாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியென்றால் எலெக்டிவ் எதற்கு? முதல் செமஸ்டரிலிருந்து ஏழாவது வரை எல்லோரும் ஒரே பாதையில்தான் வந்தீர்கள். எட்டாவதில் முதல் முறையாக, நீ எந்தப் பக்கம் போகப்போகிறாய் என்று பாடத்திட்டம் உங்களைக் கேட்கிறது. அதற்குத்தான் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸும் சோஷியல் அண்ட் பிரிவென்டிவ் பார்மசியும் கட்டாயம் என்று வைத்துவிட்டு, மற்ற இரண்டை உங்கள் கையில் கொடுத்தார்கள். பட்டியலில் மார்க்கெட்டிங், ரெகுலேட்டரி சயின்ஸ், பார்மகோவிஜிலன்ஸ், மூலிகைத் தரக்கட்டுப்பாடு, கம்ப்யூட்டர் எய்டட் டிரக் டிசைன், செல் அண்ட் மாலிக்யூலர் பயாலஜி, காஸ்மெடிக் சயின்ஸ், எக்ஸ்பெரிமென்டல் பார்மகாலஜி, அட்வான்ஸ்டு இன்ஸ்ட்ருமென்டேஷன், டயட்டரி சப்ளிமென்ட்ஸ் என்று நீளமாக இருக்கும். நடைமுறையில் கல்லூரி நான்கைந்துக்கு மேல் நடத்தாது. சில இடங்களில் இரண்டை மட்டும் நடத்திவிட்டு அதற்கும் "தேர்வு" என்றே பெயர் வைத்திருப்பார்கள்.

இனி அந்த அரியர். கூச்சப்பட ஒன்றுமில்லை. ஐந்து, ஆறு, ஏழாம் செமஸ்டர் பாடங்களை எட்டாவது வரை கொண்டுபோக விதியில் இடம் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த ஒரே வரி அதுதான். காரணத்தை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

ரெகுலேட்டரி சயின்ஸ் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.என்.டி.ஏ. என்றால் என்ன, ஆரஞ்சு புக் எது, பர்ப்பிள் புக் எது, சி.டி.டி. ஆவணத்தின் ஐந்து மாட்யூல்கள் என்னென்ன என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். மனப்பாடம் செய்தால் பாஸ் ஆகிவிடலாம். ஆனால் ஒரு ஜெனரிக் மாத்திரை அசல் மருந்துக்குச் சமம் என்று எப்படி நிரூபிக்கிறார்கள்? ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு இரண்டு மாத்திரைகளையும் முறை மாற்றிக் கொடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவை மணிக்கணக்காக அளக்கிறார்கள். அதிகபட்ச அளவு, அதாவது சிமேக்ஸ் ஒன்று. வளைவுக்குக் கீழுள்ள பரப்பு, அதாவது ஏ.யூ.சி. இன்னொன்று. புது மாத்திரையின் அளவை அசல் மாத்திரையின் அளவால் வகுத்து வரும் விகிதத்துக்கு 90 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் போடுகிறார்கள். அந்த இடைவெளி முழுவதும் 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் உள்ளே அடங்கினால்தான் "சமம்".

ஏன் ஒரு பக்கம் 80 என்றால் மறுபக்கம் 120 இல்லாமல் 125? கணக்கை லாகரிதத்தில் போடுவதால். ஒன்றை 0.8-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.25 வரும். லாக் அளவில் இரண்டு எல்லைகளும் நடுவிலிருந்து ஒரே தூரம். இந்த ஒரு எண்ணைப் புரிந்துகொள்ள சிமேக்ஸும் ஏ.யூ.சி.யும் பயோபார்மசூட்டிக்ஸிலிருந்து வரவேண்டும், கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் எட்டாம் செமஸ்டர் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸிலிருந்து வரவேண்டும், ரத்தத்தில் மருந்தை அளக்கும் கருவி இந்த செமஸ்டர் இன்ஸ்ட்ருமென்டல் மெத்தட்ஸிலிருந்து வரவேண்டும். மூன்றுமே கோர். எலெக்டிவ் சொல்லித் தருவது அந்த முடிவை மாட்யூல் 5-இல் எங்கே வைப்பது என்பதை. வைக்கிற இடம் தெரிந்தும் வைக்கிற பொருள் தெரியாதவர்களை நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே பயோபார்மசூட்டிக்ஸை பாஸ் மார்க்குக்காகப் படிக்காதீர்கள். ஒன்-கம்பார்ட்மென்ட் மாடல் கணக்குகளைக் கையால் போடுங்கள், செமி-லாக் தாளில் கோடு வரைந்து அரை ஆயுளை எடுத்துப் பாருங்கள். கணித குரூப் மாணவிக்கு அந்தப் பாடத்தில் அரியர் விழுந்தது எனக்கு வியப்புதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதியிருப்பீர்கள் என்று சந்தேகம்.

தோழிகள் போகும் பார்மகோவிஜிலன்ஸ் நல்ல பாடம். கூட்டம் போகிறது என்பதற்காக எடுக்கவும் வேண்டாம், அதே காரணத்துக்காக ஒதுக்கவும் வேண்டாம். மருந்தின் பாதகமான விளைவுகளைக் கண்டுபிடிப்பது, மதிப்பிடுவது, தடுப்பது என்பது இன்று பெரிய வேலை. நம் நாட்டுத் திட்டம் 2010-இல் டெல்லி எய்ம்ஸைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியது. மறு ஆண்டே காசியாபாத்தில் உள்ள இந்திய பார்மகோபியா கமிஷனுக்கு மாறியது. வெளிநாட்டு மருந்து நிறுவனங்களுக்காக இந்த வேலையைச் செய்துதரும் அலுவலகங்கள் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கின்றன, அவை பி.பார்ம் படித்தவர்களை எடுக்கின்றன. தொடக்கத்தில் வேலை கேஸ் பிராசஸிங்: வந்த தகவலைப் படித்து, மெட்ரா என்ற மருத்துவச் சொற்பட்டியலின்படி குறியிட்டு, நோயாளிக்கு நடந்ததை ஆங்கிலத்தில் நாலு பத்தியாக எழுதுவது. ஒரே மாதிரி வேலை, சில இடங்களில் இரவு ஷிஃப்ட். பொறுமையும் எழுத்தும் உள்ளவர்களுக்குச் சரிப்படும். முதல் செமஸ்டரில் எல்லோரும் விளையாட்டாக எழுதிய கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் பேப்பர் இங்கேதான் பலரைக் காப்பாற்றுகிறது அல்லது காலை வாருகிறது.

இந்தப் பாடத்தில் நரஞ்சோ அளவுகோல் வரும். பத்து கேள்விகள். மருந்தை நிறுத்தியதும் தொந்தரவு குறைந்ததா, அதற்கு ஒரு மதிப்பெண். திரும்பக் கொடுத்தபோது திரும்ப வந்ததா, அதற்கு இரண்டு. ஒன்பதும் அதற்கு மேலும் என்றால் உறுதி, ஐந்திலிருந்து எட்டு வரை என்றால் பெரும்பாலும் மருந்தால்தான், ஒன்றிலிருந்து நான்கு என்றால் இருக்கலாம். படித்து முடித்ததும் அப்பா கடைக்கு வந்து "இந்த மாத்திரை போட்டதிலிருந்து அரிப்பு" என்று சொல்பவர் ஒருவரை வைத்து இந்தப் பத்தையும் மனதுக்குள் போட்டுப் பாருங்கள். கடையிலிருந்தே புகார் அனுப்ப 1800-180-3024 என்ற இலவச எண்ணும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சிலபஸிலும் பல கைடு புத்தகங்களிலும் இன்னும் ஷெட்யூல் ஒய் என்றே இருக்கும். மருந்துச் சோதனைகளுக்கு அதன் இடத்தில் 2019-இலேயே புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் வந்துவிட்டன. பல்கலைக்கழகத் தேர்வில் சிலபஸ்படி எழுதுங்கள். வேலைக்கான நேர்காணலில் 2019 விதிகளைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் ஆசை. டிரக் டிசைன் என்றதும் கம்ப்யூட்டர் பாடம் என்று நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அது முக்கால்வாசி மெடிசினல் கெமிஸ்ட்ரி. கிளாக்கோமாவுக்குக் கொடுக்கும் டார்சோலமைட் கண் சொட்டு மருந்து அப்பா கடையிலேயே இருக்கலாம். கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் வடிவத்தைப் பார்த்து, அதில் பொருந்தும்படி மூலக்கூறை மாற்றி மாற்றி உருவாக்கிய மருந்து அது. இந்தத் துறையின் தொடக்ககால வெற்றிகளில் ஒன்று. அந்த நொதியின் குழியில் சல்ஃபோனமைட் தொகுதி ஏன் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று தெரியாமல் மென்பொருளில் பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒரு எண் வரும், அவ்வளவுதான். நாலு, ஐந்து, ஆறாம் செமஸ்டர் மெடிசினல் கெமிஸ்ட்ரியில் உங்கள் மார்க் எப்படி? அது நன்றாக இருந்தால் இந்த ஆசை நியாயமானது. ஹான்ஷ் சமன்பாடு, ரெக்ரெஷன் என்று வரும்போது உங்கள் கணிதம் கைகொடுக்கும். முதல் செமஸ்டரில் ரெமிடியல் பயாலஜி எழுதி வந்ததால் புரோட்டீன் அமைப்பு மட்டும் கொஞ்சம் உதைக்கும், அதை ஒரு வாரம் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம்.

ஆனால் வேலை? பி.பார்ம் முடித்த கையோடு இந்தத் துறையில் வேலை அரிது. எம்.பார்ம், அதற்கு மேல் ஆராய்ச்சி என்று நீளும் பாதை. மொகாலி நைப்பரில் பார்மகோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்றே தனி முதுநிலைப் படிப்பு இருக்கிறது, அதற்கு ஜிபேட்டில் தேறியிருக்க வேண்டும். கல்லூரியில் வகுப்பு நடக்காவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. எலெக்டிவ் எல்லாமே தியரி மட்டும்தான், வாரத்துக்கு மூன்று மணி நேரமும் ஒரு டுடோரியலும். லேப் கிடையாது. மூலக்கூறு நொதியில் எப்படிப் பொருந்தும் என்று கணிக்கும் டாக்கிங் பற்றிக் காதால் கேட்டுத் தேர்வு எழுதுவதை விட, ஆட்டோடாக் வினா என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் இறக்கி, புரோட்டீன் டேட்டா பேங்கிலிருந்து ஒரு நொதியை எடுத்து நீங்களே செய்து பார்ப்பது மேல். அதையே புராஜெக்டாக மாற்ற முடியும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

சீனியர்கள் சொன்ன "கதை எழுதினாலே பாஸ்" உண்மைதான், மதிப்பெண்ணுக்கு அது உதவும். ஆனால் மார்க்கெட்டிங் பாடத்தில் விலை நிர்ணயம் என்ற பகுதியை யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை. 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பட்டியலில் உள்ள மருந்துக்கு உச்ச விலை உண்டு. பட்டியலில் இல்லாததன் எம்.ஆர்.பி.யை ஆண்டுக்கு பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. விற்பனைத் துறையில் மேலே வர நினைப்பவர்களுக்கு இது பிழைப்பு. உங்கள் கடிதத்தில் அந்த நினைப்பு இல்லை. ஆகவே வேண்டாம்.

அப்பா சொல்வதில் வியாபார அறிவு இருக்கிறது. ஆனால் அவருக்கு மெதுவாகச் சொல்லுங்கள்: புரோட்டீன் பவுடர் மருந்துச் சட்டத்தில் வராது, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும். டப்பாவிலேயே மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அச்சிட்டிருப்பார்கள். அதை விற்கப் பட்டம் தேவையில்லை. கடையை ஒருநாள் நீங்கள் எடுத்து நடத்துவதானால் அதற்கான பாடங்கள் எல்லாம் கோரில்தான் இருக்கின்றன. ஐந்தாம் செமஸ்டர் ஜூரிஸ்புருடன்ஸ், இப்போது படிக்கும் பார்மசி பிராக்டிஸ், அடுத்து வரும் சோஷியல் அண்ட் பிரிவென்டிவ் பார்மசி. ஷெட்யூல் ஹெச்1 மருந்துகளுக்குத் தனி ரெஜிஸ்டர் வைத்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. அப்பா கடையில் அந்த ரெஜிஸ்டர் எப்படி இருக்கிறது என்று இந்த விடுமுறையில் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். டயட்டரி சப்ளிமென்ட்ஸ் எலெக்டிவை விட அப்பாவுக்கு அது உபயோகம்.

மற்றவற்றைப் பற்றி ஒவ்வொரு வரி. காஸ்மெடிக் சயின்ஸ் ஃபார்முலேஷன் ஆர்வம் உள்ளவர்களுக்கு நல்லது. மூலிகைத் தரக்கட்டுப்பாடு நம் ஊரில் இன்னும் மதிப்பு பெறவேண்டிய பாடம், சித்த மருந்து தயாரிக்கும் இடங்களுக்கு இதைத் தெரிந்தவர்கள் தேவை. அட்வான்ஸ்டு இன்ஸ்ட்ருமென்டேஷன், கருவியைத் தொடாமல் படித்தால் அலுப்பு.

இப்போது புராஜெக்ட். இரண்டிலிருந்து ஐந்து பேர் வரை குழுவாகச் செய்யலாம் என்பது விதி. பெரும்பாலும் நடப்பது என்ன? ஆசிரியர் ஒரு தலைப்பு கொடுப்பார், போன வருட ரிப்போர்ட் கைமாறும், ஒருவர் டைப் அடிப்பார், மற்றவர்கள் பைண்டிங் செலவைப் பங்கு போடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பிராக்டீஸ் ஸ்கூலில் எடுத்த பிரிவையும் எலெக்டிவையும் புராஜெக்டையும் ஒரே திசையில் வையுங்கள். ஆறாம் செமஸ்டர் முடிந்து நீங்கள் செய்த 150 மணி நேர டிரெயினிங் ஆலையிலா, ஆஸ்பத்திரியிலா என்று எழுதவில்லை. ஆலையில் குவாலிட்டி அஷ்யூரன்ஸ் பக்கம் என்றால் ரெகுலேட்டரி அதன் தொடர்ச்சி. மருந்துத் தயாரிப்பு நெறிமுறைகளைச் சொல்லும் ஷெட்யூல் எம் திருத்தப்பட்டு 2023 டிசம்பரில் வெளியான பிறகு சிறு ஆலைகளில்கூட ஆவணங்களை ஒழுங்காக எழுதத் தெரிந்த ஆட்களைத் தேடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் என்றால் பார்மகோவிஜிலன்ஸ் தானாக ஒட்டிக்கொள்ளும்.

என் தீர்ப்பு இது. முதல் எலெக்டிவ் ரெகுலேட்டரி சயின்ஸ். இரண்டாவது, வகுப்பு நடந்தால் டிரக் டிசைன், நடக்காவிட்டால் பார்மகோவிஜிலன்ஸ். நடக்காத பட்சத்தில் ஆசையை புராஜெக்டில் தீர்த்துக்கொள்ளுங்கள். மெடிசினல் கெமிஸ்ட்ரி ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு, ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒரு மருந்தையும் அதன் நொதியையும் எடுத்து டாக்கிங் செய்து, கிடைத்த முடிவை அந்த மருந்தின் அமைப்புக்கும் செயலுக்கும் உள்ள உறவுடன் (எஸ்.ஏ.ஆர்.) ஒப்பிட்டு எழுதுங்கள். செலவு ஏதும் இல்லை. படிவம் கொடுப்பதற்கு முன், எந்தப் பாடத்தை யார் எடுக்கப் போகிறார்கள் என்று ஹெச்.ஓ.டி.யிடம் நேரில் கேட்டுவிடுங்கள். நல்ல ஆசிரியர் எடுக்கும் காஸ்மெடிக் சயின்ஸ், ஆளே இல்லாத ரெகுலேட்டரியை விட மேல். அப்படி ஒரு நிலை வந்தால் என் வரிசையைத் தூக்கி வைத்துவிட்டு ஆசிரியரைப் பாருங்கள்.

இதைப் படிக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விருப்பப் பாடம் என்று அறிவித்துவிட்டு, ஆள் இல்லை என்று சொல்லி எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்காதீர்கள். ஐந்து பேர் கேட்டாலும் நடத்துங்கள்.